ஸ்டூலுக்கடியில மைக்ரோ ஸ்விட்ச், மச்சுல பெல் ஸ்விட்ச்: உக்காந்தே வேல பாக்குறவனுக்கு ஒரு சுகர் டைமர்

மைக்ரோவேவ் ஓவன் கதவுல டிக் டிக்னு ஒரு சின்ன மைக்ரோ ஸ்விட்ச் இருக்கும்ல, அது ஒண்ணு, நேரத்த எண்ணுற சிடி4060 ஐசி ஒண்ணு, சிடி4093ங்கற லாஜிக் கேட் ஐசி ஒண்ணு, வீணாப்போன ரவுட்டரோட 12 வோல்ட் அடாப்டர், ஒரு பஸ்ஸர். இவ்வளவுதான் சாமான். இத வச்சு நான் கடையில உக்கார்ற ஸ்டூலுக்கு ஒரு டைமர் செஞ்சிருக்கேன், அரை மணி நேரம் சேந்தாப்புல உக்காந்தா கத்த ஆரம்பிக்கும், கத்துறத நிறுத்தணும்னா சும்மா எந்திரிச்சு நின்னா பத்தாது, மாடி ஏறித்தான் ஆகணும். அது ஏன் அப்படிங்கறதுதான் இதுல முக்கியமான விஷயம், அதுக்கு பைய வாரேன்.

நம்ம கடை பிரானூர் பக்கம், செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் நடுவுல, சுத்தி முத்தி மர அறுவை மில்லு. மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு, இன்வெர்ட்டர், குத்தால சீசன் வந்தா லாட்ஜ் கீசர் எல்லாம் வரும். இந்த வேலையில பெரிய கொடுமையே நாள் முழுக்க லென்ஸ் லைட்டுக்கு அடியில குனிஞ்சு உக்காந்தே கெடக்கணும், இண்டக்‌ஷன் போர்டுல ஒரு ஐஜிபிடி பவர் ட்ரான்சிஸ்டர மாத்த உக்காந்தா பக்கத்துல வச்ச டீ ஆறி ஏடு கட்டுன பெறகுதான் தலையே நிமிரும். எனக்கு சுகர் இருக்கு, மெட்ஃபார்மின் சாப்பிடுறேன், மூணு மாச சராசரி சுகர காட்டுற எச்பிஏ1சி டெஸ்ட் 7.4ல நின்னுக்கிட்டு எறங்க மாட்டேங்குது. டாக்டரு வாக்கிங் போறீங்களான்னு கேட்டாரு, போறேன் சார், காலையில முக்கா மணி நேரம்னேன். அப்புறம் என்னன்னாரு. அப்புறம் என்ன, உக்காந்துதான் இருக்கேன்.

மத்திய அரசு மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஐசிஎம்ஆரோட இந்தியாப்ங்கற சுகர் கணக்கெடுப்பு 2023ல வந்துச்சு, அதுல பெரியவங்கள்ல சுகர் இருக்கவங்க கேரளாவுல 25.5 சதவீதம், தமிழ்நாட்டுல 14.4 சதவீதம். புளியரை செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் நாலுல ஒருத்தருக்கு, இந்தப் பக்கம் ஏழுல ஒருத்தருக்கு. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி கணக்குலதான் இருந்துச்சு, எங்கள எந்தக் கணக்குல சேப்பாங்கன்னு தெரியல. மதியம் கேரளா மட்ட அரிசிச் சோறு, சாயங்காலம் ஏத்தங்கா சிப்ஸ், ராத்திரி பார்டர்ல பரோட்டாவும் நாட்டுக்கோழியும்னு ரெண்டு மாநிலத்து சாப்பாட்டையும் நாங்கதான் சேத்து சாப்பிடுறோம்.

காலையில நடந்துட்டாப் பத்தாதாங்கற கேள்விக்கு நேரடியா பதில் சொல்றது நியூசிலாந்து ஒட்டாகோ யுனிவர்சிட்டிக்காரங்க 2013ல போட்ட ஒரு ஆராய்ச்சி. 70 பேரு, சுகர் இல்லாத நல்ல ஆளுங்கதான், 9 மணி நேரம் உக்கார வைக்கிறாங்க. ஒரு நாள் ஒரேயடியா உக்காரணும், இன்னொரு நாள் ஒரு அரை மணி நேரம் சேத்து நடந்துட்டு அப்புறம் உக்காரணும், மூணாவது நாள் ஒவ்வொரு அரை மணிக்கும் எந்திரிச்சு 1 நிமிஷம் 40 செகண்ட் நடக்கணும். கூட்டிப் பாத்தா மூணாவது நாள் நடந்ததும் மொத்தமா அதே 30 நிமிஷம்தான், ஆனா சாப்பாட்டுக்கு அப்புறம் சுகர் ஏறுன மொத்த அளவு, சும்மா உக்காந்த நாளவிட 39 சதவீதம் கம்மி, மொத்தமா நடந்துட்டு உக்காந்த நாளவிடவும் 37 சதவீதம் கம்மி. இதப் படிச்சப்பதான் எனக்கு வெளங்குச்சு, காலையில நடக்குறது ஒரு கணக்கு, பகல் முழுக்க உக்கார்றது தனிக் கணக்கு, ஒண்ண வச்சு இன்னொண்ண கழிச்சுக்க முடியாது. வாக்கிங் வேஸ்ட்டுன்னு யாரும் எடுத்துக்கப்படாது, இதயத்துக்கு, எடைக்கு, பிரஷருக்கு அது வேணும், சாப்பாட்டுக்குப் பின்னால ஏறுற சுகருக்கு மட்டும் இது வேற வைத்தியம்.

அதுக்கு முந்தின வருஷமே மெல்போர்ன் பேக்கர் இன்ஸ்டிட்யூட்ல 19 பேர வச்சு பாத்திருக்காங்க, எல்லாரும் குண்டானவங்க, 45லருந்து 65 வயசு. 20 நிமிஷத்துக்கு ஒருக்கா 2 நிமிஷம் மெதுவா நடந்ததுக்கே சுகர் ஏத்தம் 24 சதவீதம் கொறஞ்சிருக்கு, கொஞ்சம் வேகமா நடந்தா கிட்டத்தட்ட 30. வேகத்துல பெரிய வித்தியாசம் இல்ல பாருங்க, மூச்சு வாங்க ஓட வேண்டியதில்ல. நம்மள மாதிரி சுகர் ஆளுங்களுக்குன்னே 2016ல ஒண்ணு வந்துச்சு, 24 பேரு, டைப் 2, எட்டு மணி நேரம், அரை மணிக்கு ஒருக்கா 3 நிமிஷம். அதுல ஒரு கூத்து, ஒரு நாள் நடை, இன்னொரு நாள் நடக்காம நின்ன எடத்துலயே அரை தோப்புக்கரணம், குதிகாலத் தூக்கி எறக்குறது, முட்டிய மடக்கி தூக்குறதுன்னு. ரெண்டுக்கும் ஒரே பலன், ரெண்டுலயும் சுகர் ஏத்தம் 39 சதவீதம் கொறஞ்சிருக்கு. கடை சின்னது, நடக்க எடமில்லன்னு சொல்றவனுக்கு இனி சாக்கு இல்ல.

இது எப்படி வேல செய்யுதுன்னா, ரத்தத்துல இருக்க சுகர் தசைக்குள்ள போறதுக்கு க்ளூட்4னு ஒரு புரதம் வேணும், அது செல்லுக்குள்ள ஒளிஞ்சு கெடக்கும், இன்சுலின் வந்து சொன்னாத்தான் மேல வந்து வாசலத் திறக்கும். சுகர் உள்ளவனுக்கு இன்சுலின் முன்வாசல்ல நின்னு தட்டுனாலும் சரியாத் திறக்காது, அதுதான் நோயே. ஆனா தசை சுருங்கி விரியும்போது இன்சுலின கேக்காமலே அந்தப் புரதம் மேல வந்துரும், கொல்லவாசல் தானா திறக்குற மாதிரி, இந்த வழி டைப் 2 ஆளுங்களுக்கும் பழுதில்லாமத்தான் இருக்கு. உடம்புல பெரிய தசையெல்லாம் தொடையிலயும் பின்பக்கத்துலயும் கெண்டைக்கால்லயும்தான், உக்காந்தா இந்த மூணும் சுத்தமா தூங்கிரும். அதனாலதான் கையில ஸ்க்ரூடிரைவர நாள் பூரா திருகுனாலும் சுகருக்கு பெருசா ஒண்ணும் ஆகறதில்ல.

சரி, சர்க்யூட்டுக்கு வருவோம்.

மொத கேள்வி டைமர எத்தன நிமிஷத்துக்கு வைக்கிறது. நியூயார்க் கொலம்பியா யுனிவர்சிட்டில 2023ல 11 பேர வச்சு வேற வேற அளவுல பாத்தாங்க, அரை மணிக்கு ஒருக்கா 5 நிமிஷம் நடந்தப்ப சுகர் ஏத்தம் 58 சதவீதம் கொறஞ்சிருக்கு, ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா எந்திரிச்சதுல சுகருக்கு பிரயோஜனமே இல்ல, ஆனா பிரஷர் மட்டும் எல்லாத்துலயும் ஒரு 4, 5 பாயிண்ட் எறங்கியிருக்கு. 11 பேருங்கறது சின்னக் கூட்டம்தான், இருந்தாலும் நெறைய ஆராய்ச்சி அரை மணியத்தான் சுத்திச் சுத்தி வருது, அமெரிக்க சுகர் சங்கமும் 2016லருந்து அரை மணிக்கு ஒருக்கா எந்திரின்னுதான் சொல்லுது. அதனால 30 நிமிஷம்னு வச்சாச்சு.

மொபைல்ல அலாரம் வைக்க வேண்டியதுதானன்னு என் மச்சினன் கேட்டான். வச்சுப் பாத்தவன்தான் நான். கையில சால்டரிங் அயர்ன் இருக்கும்போது மொபைல் கத்துனா மூக்கால தட்டி ஆஃப் பண்ணுறதுக்கு மனுஷன் ரெண்டு நாள்ல பழகிருவான். அதுவுமில்லாம மொபைலுக்கு நான் உக்காந்திருக்கேனா நிக்கிறேனான்னு தெரியாது, வாசல்ல கஸ்டமர்கிட்ட நின்னுக்கிட்டிருக்கும்போதும் கத்தும்.

டைமருன்னதும் எல்லாரும் 555ங்கற டைமர் ஐசிக்குத்தான் போவாங்க. 555ல அரை மணி நேரம் வேணும்னா 1000 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் போட்டு 1.6 மெகா ஓம் ரெசிஸ்டர் போடணும், அவ்வளவு பெரிய எலக்ட்ரோலிட்டிக்ல லீக்கேஜ் கரெண்டே சார்ஜ் ஆகுற கரெண்ட சாப்பிட்டுரும், ஒரு நாள் 40 நிமிஷம், சாரல் அடிக்குற நாள் ஒரு மணி நேரம், சில நாள் சார்ஜே ஆகாது. 4060 அப்படியில்ல, உள்ளயே ஆசிலேட்டரும் 14 ஸ்டேஜ் கவுண்டரும் இருக்கு, சின்ன மைலார் கெப்பாசிட்டர வச்சு வேகமா ஆட விட்டு அத எண்ணிக்கிட்டே போகும். மூணாம் பின், அதாவது கடைசி ஸ்டேஜ், 8192 ஆட்டம் முடிஞ்சதும் ஹை ஆகும். 1800 செகண்ட 8192ஆல வகுத்தா ஒரு ஆட்டத்துக்கு 0.22 செகண்ட், பார்முலா 2.3 பெருக்கல் ஆர் பெருக்கல் சி. 0.47 மைக்ரோ ஃபாரட் போட்டா ரெசிஸ்டர் 203 கிலோ ஓம் வருது. நான் 150கே போட்டு அதோட சீரியஸ்ல திருப்பி கூட்டிக் கொறைக்கிற 100கே ப்ரீசெட் ரெசிஸ்டர் வச்சேன், பதினோராம் பின்னுல 1 மெகா.

ப்ரீசெட்ட திருப்பி திருப்பி ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் காத்துக் கெடக்க வேண்டாம், அதுக்கு ஒரு வழி இருக்கு. ஆறாம் பின் ஏழாவது ஸ்டேஜ், அது 64 ஆட்டத்துலயே ஹை ஆயிரும், 8192ஐ 64ஆல வகுத்தா 128. 1800 செகண்ட 128ஆல வகுத்தா 14 செகண்ட். ஆறாம் பின்னுல ஒரு எல்இடிய வச்சு, ரீசெட்ட விட்டதுலருந்து 14 செகண்ட்ல எரியுற மாதிரி ப்ரீசெட்ட திருப்பிட்டா போதும், அரை மணி நேரம் தானா சரியா வந்துரும். மூணாம் பின்னுலருந்து பதினோராம் பின்னுக்கு ஒரு 1என்4148 டையோடு போட்டா, நேரம் முடிஞ்சதும் ஆசிலேட்டர் அப்படியே நின்னுரும், இல்லன்னா அடுத்த அரை மணில அதுவா அமைதியாகி மறுபடி மொதல்லருந்து எண்ணும்.

ஸ்டூலுக்கு மில்லுலருந்து ரெண்டு துண்டு ப்ளைவுட் வாங்கி, ஒரு ஓரத்துல கீல் அடிச்சு, எதிர் ஓரத்துல ரெண்டு பக்கமும் ஃபோம் துண்டு ஒட்டி நடுவுல மைக்ரோ ஸ்விட்ச். உக்காந்தா ஃபோம் அமுங்கி ஸ்விட்ச் க்ளிக்குனு ஆகும். ஸ்விட்ச்சோட லீவர கொஞ்சம் வளச்சு விடணும், ப்ளைவுட்டு நேரா பட்டன் மேலயே எறங்குனா நம்ம எடைக்கு உள்ள இருக்க தகடு வளஞ்சு போயிரும். ப்ளைவுட்டு முழுசா அமுங்கி நிக்கிறதுக்கு நாலு மூலைலயும் சின்ன மரக்கட்டை அடிச்சேன், எடையெல்லாம் கட்டைக்குப் போயிரும், ஸ்விட்ச்சுக்கு வெறும் தொடுதல் மட்டும்தான்.

மொத வடிவம் ரொம்ப எளிசு, ஸ்டூல விட்டு எந்திரிச்சா நேரா ரீசெட். இது ரெண்டே மணி நேரத்துல உதவாதுன்னு தெரிஞ்சிருச்சு, கீழ விழுந்த ஸ்க்ரூவ எடுக்கக் குனிஞ்சாலே ரீசெட் ஆயிருது, நாள் பூரா உக்காந்திருந்தாலும் கத்தவே கத்தாது. அதனால ஸ்விட்ச்சோட முனைக்கு பிளஸ்லருந்து 10கே புல்-அப் ரெசிஸ்டர் போட்டு, அந்த முனையிலருந்து 2.2 மெகா வழியா 100 மைக்ரோ ஃபாரட் தாண்டலம் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகுற மாதிரி வச்சு, ரெசிஸ்டருக்கு மேல ஒரு டையோடையும் திருப்பி போட்டேன். நின்னா கெப்பாசிட்டர் மெதுவா நிரம்பும், உக்காந்தா டையோடு வழியா சட்டுனு காலியாயிரும். 4093 ஷ்மிட் கேட்டு அந்த வோல்டேஜப் பாத்து 3 நிமிஷத்துக்குப் பக்கம் ஆனதும் புரளும். எந்திரிச்சு ஒரு நிமிஷம் நின்னுட்டு திரும்ப உக்காந்தா ஒண்ணும் நடக்காது, மறுபடி மொதல்லருந்து நிக்கணும். அதே ஸ்விட்ச் முனையிலருந்து இன்னொரு டையோட பதினோராம் பின்னுக்கு போட்டுட்டா, நிக்கிற நேரமெல்லாம் 4060 எண்ணாம காத்துக்கிட்டிருக்கும்.

சர்க்யூட்டா பாத்தா இது நல்லா ஓடுச்சு. சுகருக்குத்தான் ஒண்ணும் ஆகல. கையில ஒட்டுற சுகர் சென்சார் ஒண்ணு வாங்கி ஒட்டியிருந்தேன், 14 நாள் ஓடும், அது காட்டுற கோடு உக்காந்த நாளும் நின்ன நாளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருந்துச்சு. ஏன்னு யோசிச்சா சிரிப்பு வருது, பஸ்ஸர் அடிச்சதும் எந்திரிச்சு கவுண்டர்ல சாஞ்சு நின்னுக்கிட்டு ஆரியங்காவுலருந்து வந்த கஸ்டமர்கிட்ட மூணு நிமிஷம் கதை பேசிட்டு திரும்ப உக்காந்திருக்கேன், கால் எங்கயும் போகல. நிக்கிறதுக்கும் நடக்குறதுக்கும் வித்தியாசத்த அயர்லாந்து லிமெரிக் யுனிவர்சிட்டிக்காரங்க 2022ல பல ஆராய்ச்சிகள சேத்து வச்சு பாத்திருக்காங்க, நிக்கிறதுல கொஞ்சம் பலன் உண்டு, லேசா நடந்தா அதவிட நல்ல பலன், இன்சுலினும் நடந்தாத்தான் கொறயுது. அப்ப என் டைமரு பின்பக்கம் ஸ்டூல்ல இருக்கா இல்லையான்னு மட்டும்தான் கேக்குது, தொடை வேல செஞ்சுச்சான்னு கேக்கவே இல்ல.

இங்கதான் லண்டன் பஸ் ஞாபகம் வந்துச்சு. ஜெர்ரி மாரிஸ்னு ஒரு டாக்டரு 1953ல லான்செட்ல எழுதுனது, லண்டன் டபுள் டெக்கர் பஸ்ல டிரைவருக்கு மாரடைப்பு கூட, கண்டக்டருக்கு கம்மி. ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸு, ஒரே ரூட்டு. ஒருத்தரு உக்காந்தே இருக்காரு, இன்னொருத்தரு டிக்கெட் கிழிக்க நாள் பூரா மாடிப்படி ஏறி எறங்குறாரு. அது இதய நோய்க் கணக்கு, சுகர் கணக்கு இல்ல, ஆனா யோசனை எனக்கு அதுலருந்துதான் கெடச்சுச்சு. நம்ம கடைக்கு மேல ஒரு மச்சு இருக்கு, பழைய பிக்சர் ட்யூப் டிவியெல்லாம் போட்டு வச்சிருக்கேன், மரப்படி, செங்குத்தா பதினாலு படி. ஆஃப் பண்ற ஸ்விட்ச்ச அங்க கொண்டு போய் வச்சா என்ன?

சும்மா வச்சாலும் ஏமாத்தலாம், ஓடி ஏறி அமுக்கிட்டு அரை நிமிஷத்துல வந்து உக்காந்துரலாம். அதனால ரெண்டையும் சேத்தேன். 4093 கேட் 3 நிமிஷம் ஆனதும் ஹை ஆகுதுல்ல, அந்த ஹை வயர மச்சுக்கு கொண்டு போய் ஒரு பச்ச எல்இடிக்கும் ஒரு பெல் ஸ்விட்ச்சுக்கும் குடுத்தேன், பெல் ஸ்விட்ச்சோட மறுமுனை கீழ வந்து 4060ஓட பன்னண்டாம் பின் ரீசெட்டுக்கு. ஸ்டூல் காலியாகி 3 நிமிஷம் ஆகாம பெல் ஸ்விட்ச்ச எத்தன தடவ அமுக்குனாலும் வயர்ல வோல்டேஜே இருக்காது, ஒண்ணும் ஆகாது. பச்ச லைட் எரிஞ்ச பெறகு அமுக்குனாத்தான் பஸ்ஸர் நிக்கும். லைட் எரியுற வரைக்கும் படியில ஏறி எறங்கிக்கிட்டோ மச்சுல குறுக்கும் நெடுக்கும் நடந்துக்கிட்டோ இருக்கணும், சும்மா நிக்கலாமேன்னா நிக்கலாம்தான், ஆனா ஓட்டுக்கு அடியில அந்த வெக்கையில யாரு நிப்பா. 4093ல மீதி இருந்த ரெண்டு கேட்ட வச்சு பஸ்ஸர பீப் பீப்னு விட்டு விட்டு கத்த வச்சேன், பிசி547 ட்ரான்சிஸ்டர் ஒண்ணு போட்டு.

இதுல ஒரு பேய்க்கோளாறு வந்துச்சு. மச்சு வரைக்கும் வயர் இழுத்ததுலருந்து டைமரு கத்தவே இல்ல. ஐசிய மாத்துனேன், டையோட மாத்துனேன், பெஞ்சுல வச்சா ஓடுது, ஸ்டூல்ல மாட்டுனா ஓடல. ஞாயித்துக்கிழமை மட்டும் நல்லா ஓடுது! ஞாயித்துக்கிழமை மில்லு லீவு. பக்கத்து மில்லுல மரம் அறுக்குற பேண்ட்சா மோட்டார் ஸ்டார்ட் ஆகுற ஒவ்வொரு தடவையும் அந்த நீள வயரு ஆன்டெனா மாதிரி இரைச்சல இழுத்து ரீசெட் பின்னுல குடுத்திருக்கு, நான் அந்தப் பின்ன கிரவுண்டுக்கு இழுக்க 100கேதான் புல்-டவுன் ரெசிஸ்டர் போட்டிருந்தேன். அத 10கே ஆக்கி, ஐசிக்கு ஒட்டுனாப்புல 104 செராமிக் கெப்பாசிட்டர் ஒண்ணு கிரவுண்டுக்கு, சீரியஸ்ல 1கே, வயர லேன் கேபிள்ல இருக்க முறுக்கு ஜோடியா மாத்துனேன், சிக்னல் ஒண்ணு கிரவுண்ட் ஒண்ணுன்னு. அதோட அடங்கிருச்சு. மில்லு, வெல்டிங் பட்டறை, பெரிய பம்புசெட் பக்கத்துல யாராவது இத செஞ்சா மொதல்லயே இப்படிப் போட்டுருங்க.

இப்ப சுகருக்கு வருவோம், இது ஒரு ஆளு உடம்பு, ஒரு ஸ்டூலு, ஆராய்ச்சி கீராய்ச்சின்னு யாரும் நெனச்சிர வேண்டாம். காலையில ஒரே சாப்பாடு, 4 இட்லி, தேங்காச் சட்னி, ஒரு கரண்டி சாம்பார், ஒரே நேரம். எந்திரிக்காம உக்காந்த நாள்ல ஒரு மணி நேரம் கழிச்சு 210 பக்கம் போய் நிக்கும், எறங்க நேரமாகும். மச்சு ஏறுன நாள்ல 180 தாண்டுறது அபூர்வம், மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடியே பழைய எடத்துக்கு வந்துரும். சரியா தூங்காத நாள்ல ரெண்டுமே கூடுதலாத்தான் காட்டுது, அதனால ஒரு நாள வச்சு முடிவு பண்ணக்கூடாது. சென்சார் ரத்தத்த அளக்குறதில்ல, தோலுக்கடியில இருக்க நீர அளக்குது, ரத்தத்துக்கு ஒரு 10 நிமிஷம் பின்னாடிதான் வரும், ராத்திரி அந்தக் கை மேல படுத்துட்டா பொய்யா லோ காட்டி கத்தும். விரல்ல குத்துற மீட்டர்னாலும் 100க்கு மேல 15 சதவீதம் முன்ன பின்ன இருக்கலாம்னுதான் ஐஎஸ்ஓ தரமே அனுமதிக்குது, 180க்கும் 195க்கும் நடுவுல இருக்க வித்தியாசத்த பாத்து சந்தோஷமும் பட வேண்டாம் அழவும் வேண்டாம். பல நாள் கோடு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்தா போதும்.

மட்ட அரிசி சாப்பிட்டா சுகர் ஏறாதுன்னு எங்க ஊர்ல ஒரு நம்பிக்கை உண்டு. என் சென்சாருக்கு அது தெரியல, அளவு கூடுனா மட்டையும் வெள்ளையும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் ஏறுச்சு. பரோட்டா கதை வேற, அதுல மைதாவோட எண்ணெயும் சேந்து வயித்துல சாப்பாடு மெதுவா எறங்குறதால ஒரு மணி நேரத்துல பாத்தா நல்ல புள்ள மாதிரி இருக்கும், ரெண்டு மணி நேரம் கழிச்சு ஏற ஆரம்பிச்சு நடுராத்திரி வரைக்கும் எறங்காது. பார்டர்ல சாப்பிட்டுட்டு ஒரு மணி நேரத்துல டெஸ்ட் பண்ணிட்டு எனக்கு பரோட்டா ஒத்துக்குதுன்னு சொல்ற ஆளுங்கள நான் நெறைய பாத்திருக்கேன். ராத்திரி சாப்பாட்டுக்கு டைமர் கெடையாது, கடைய அடச்சிருவேன், அதுக்கு 10 நிமிஷ நடை. இதுவும் ஒட்டாகோக்காரங்க 2016ல பாத்ததுதான், டைப் 2 உள்ள 41 பேரு, ஒரு நாளைக்கு எப்ப வேணா சேத்து அரை மணி நேரம் நடக்குறதவிட மூணு வேளை சாப்பாட்டுக்கு அப்புறமும் பத்துப் பத்து நிமிஷம் நடந்தா சாப்பாட்டுக்குப் பின் சுகர் 12 சதவீதம் கொறயுது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் பாத்தா 22. ராத்திரிதான நம்ம ஆளுங்க சாப்பிட்டதும் டிவி முன்னால சாயுறது.

சாரல் நேரத்துல மரப்படி வழுக்கும், அப்ப மச்சு ஏற வேண்டாம்னு பெல் ஸ்விட்ச்ச கொல்லப்பக்கம் மாத்துற மாதிரி ஒரு சாக்கெட் வச்சிருக்கேன். அந்த 3 நிமிஷத்துக்கு பெஞ்சப் பிடிச்சுக்கிட்டு அரை தோப்புக்கரணமும் குதிகால் தூக்குறதும். சால்டரிங் அயர்ன ஆஃப் பண்ணிட்டு எந்திரிச்சு போய் வந்து ஆன் பண்ணுனா சூடேற நேரம் வேற இருக்கு, அதுலயும் ரெண்டு தூக்கு தூக்கலாம்.

ஒண்ணு மட்டும் கவனமா சொல்லணும். நான் மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுறவன், அது தனியா பெரும்பாலும் சுகர ரொம்ப எறக்கி விடாது. க்ளிமிபிரைட் மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுக்குறவங்க திடீர்னு நாள் பூரா படி ஏற ஆரம்பிச்சா லோ ஆக வாய்ப்பிருக்கு, கை நடுங்கி வேர்த்தா மச்சுல நிக்காதீங்க, டாக்டர்கிட்ட மொதல்ல சொல்லிட்டு ஆரம்பிங்க. கால் மரத்துப்போனவங்க செருப்பில்லாம மரப்படி ஏறவே கூடாது, ஆணி குத்துனாகூட தெரியாது. மாத்திரைய நிறுத்துறதுக்கு இந்த டைமர் காரணமாயிரக்கூடாது, எனக்கும் மாத்திரை அப்படியேதான் ஓடுது.

செலவுன்னு பாத்தா ஐசி ரெண்டும் சில்லற சாமானும் சேத்து ஒரு பிளேட் பிரியாணி காசுகூட வராது, மைக்ரோ ஸ்விட்ச்சும் அடாப்டரும் குப்பையிலருந்து எடுத்தது. காசு போனது சென்சாருக்குத்தான், அது இல்லாமலும் செய்யலாம், சாப்பிட்டு ஒரு மணி நேரத்துலயும் ரெண்டு மணி நேரத்துலயும் விரல்ல குத்திப் பாத்தா போதும்.

இப்ப எதுத்த கடை டெய்லர் அக்கா தனக்கும் ஒண்ணு வேணும்ங்காங்க, அவங்களுக்கும் சுகர். முன்னாடி கால் மிஷின்தான் மிதிச்சுக்கிட்டிருந்தாங்க, இப்ப மோட்டார் மாட்டிட்டாங்க. ஹூஸ்டன் யுனிவர்சிட்டில 2022ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, உக்காந்தபடியே குதிகாலத் தூக்கித் தூக்கி எறக்குனதுல கெண்டைக்கால்ல இருக்க சோலியஸ்ங்கற தசை மட்டும் வேல செஞ்சே, குளுக்கோஸ் குடிச்சதுக்கு அப்புறம் ஏறுற சுகர் 52 சதவீதம் கொறஞ்சதுன்னு. லேப்ல மணிக்கணக்கா விடாம செஞ்சது அது, தையல் மிதியும் அதுவும் ஒண்ணுன்னு சொல்ல மாட்டேன், ஆனாலும் "அக்கா, டைமரு எதுக்கு, மோட்டார் பெல்ட்ட கழட்டிட்டு பழையபடி மிதிங்களேன்"னேன். "கழட்டுதேன் தம்பி, தீபாவளி ப்ளவுசு அம்புட்டையும் நீ வந்து தைச்சுக் குடு"ன்னுட்டாங்க. அதனால அவங்க ஸ்டூலுக்கு ப்ளைவுட் அறுத்தாச்சு. அவங்க கடையில மச்சு இல்ல, பெல் ஸ்விட்ச்ச தெருக்கோடி டீக்கடைல வைக்க டீக்கடைக்காரரு சம்மதிச்சிட்டாரு, லைட்டுக் கம்பம் தாண்டி 40 மீட்டர் வயரு போகணும், அத எந்தப் பக்கமா இழுக்குறதுன்னுதான் பாத்துக்கிட்டிருக்கேன்.